சிம்மாசன அறை இன்னும் குகையாகவே இருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"மாமா, ரெண்டாயிரம் வருஷம் ஆண்டாச்சு. இன்னும் குகையிலதான் உக்காந்திருக்கேன்."

அக்கா மகன் மன்னார்குடியிலிருந்து போன் செய்தபோது நான் நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயலில் நின்று, மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆடுவது 1996-இல் வந்த, சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம். என்னுடைய பழைய கணினியோடு அவனுக்குப் போன சொத்து அது. நாட்டை நன்றாக ஆண்டால் குடிமக்களே மெச்சி, ராஜாவின் சிம்மாசன அறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழகுபடுத்தித் தருவார்கள். அவனுக்கு யாரும் எதுவும் தரவில்லை.

மோட்டாருக்குப் பார்க்கிற முறைதான் இதற்கும். முதலில் கரண்ட் இருக்கிறதா, அப்புறம் ஃபுட் வால்வு, அப்புறம் கிணற்றில் தண்ணீரே இருக்கிறதா. அந்த வரிசையிலேயே அவனுக்குப் போனில் சொன்னேன். இதே கேள்வியைப் பிறகு இன்னும் இரண்டு பேர் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. இந்த அழகுவேலையால் ஆட்டத்தில் ஒரு காசு லாபம் கிடையாது. படை கூடாது, வரி கூடாது, மதிப்பெண்ணும் ஏறாது. கண்ணுக்கு மட்டும்தான். "அப்ப எதுக்கு மாமா?" என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாசலில் கோலம் போடுவதற்கும் இதே கேள்வியைக் கேட்க முடியும்.

அறிகுறி: அந்தத் திரை ஒரு தடவைகூட வந்ததில்லை

நீங்கள் ஆடுவது எந்தப் பாகம் என்று பாருங்கள். 1991-இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய முதல் பாகத்தில் இது வெளியிலிருந்து தெரியும் அரண்மனை. 1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில் உள்ளே இருக்கும் சிம்மாசன அறை. 2001-இல் வந்த மூன்றாம் பாகத்தில் மறுபடி அரண்மனை. 2005-இன் நான்காம் பாகத்தில் இதை எடுத்துவிட்டார்கள், ஐந்திலும் ஆறிலும் கிடையாது. கைபேசியில் பலரும் ஆடும் அன்சிவ், ஐந்தாம் பாகத்தைப் பார்த்துச் செய்தது. அதில் தேடிப் பயனில்லை. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீசிவ் பார்வைக்கு இரண்டாம் பாகம் மாதிரியே இருக்கும், ஆனால் அதிலும் சிம்மாசன அறை இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஃப்ரீசிவ்வில் இரண்டு மாதம் மக்களைச் சந்தோஷப்படுத்திப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். பாவம், என்ன சொல்வது?

பாகம் சரியென்றால் அடுத்து ஆப்ஷன். முதல் பாகத்தில் கேம் மெனுவுக்குள் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். அதில் பேலஸ் என்ற வரிக்கு எதிரே குறி இருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் அதே கேம் மெனுவில் கிராஃபிக் ஆப்ஷன்ஸ். அதில் த்ரோன் ரூம் கிராஃபிக்ஸ். அந்தக் காலத்துக் கணினிகள் மெதுவாக இருந்ததால் வேகத்துக்காக எல்லாவற்றையும் அணைத்து வைப்போம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அக்கா மகனிடம் அந்தக் கணினி போனபோது என் அமைப்பும் கூடவே போயிருக்கிறது. அவன் பிரச்சினையில் பாதிக்குக் காரணம் நான்தான் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் அவனிடம் சொன்னேன்.

அறை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க யாரும் பரிசு தரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் பாகத்தில் கிங்டம் மெனுவில் வியூ த்ரோன் ரூம் உண்டு. மூன்றாம் பாகத்தில் எஃப்9 அழுத்தினால் அரண்மனை தெரியும். அது திறந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு வேறு இடத்தில்.

அறிகுறி: ஒன்றிரண்டு வந்தது, அப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றுமில்லை

பெரும்பாலானோருக்கு இதுதான். இதற்குத்தான் நேரமும் தேவை.

இத்தனை சேர்ந்தால் அடுத்த அலங்காரம் என்று ஆட்டம் எந்தத் திரையிலும் எண் காட்டாது. நாடு வளர வேண்டும், மக்கள் மனம் குளிர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆகவே அரண்மனையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊர்களைப் பாருங்கள். முதல் இரண்டு பாகங்களிலும் எஃப்4 அழுத்தினால் எந்த நகரத்தில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள், எத்தனை பேர் முகம் சிவந்திருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். அதைத் திறக்கச் சொன்னேன்.

அவன் நகரங்களுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருந்தான். தலைநகர் மன்னார்குடி, பிறகு வடுவூர், கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி, கடைசியில் கடற்கரையில் வேதாரண்யம். மன்னார்குடியில் எல்லோரும் சிரித்தார்கள். மற்ற ஊர்கள் எல்லாமே மூன்று நான்கு பேரோடு நின்றுபோயிருந்தன. இரண்டு கோளாறு தெரிந்தது: வளராத ஊர், வாடிய முகம். தனித்தனியாகப் பார்ப்போம்.

வளராத ஊருக்குக் காரணம் சோறு. ஒரு குடிமகன் ஒரு சுற்றுக்கு 2 உணவு சாப்பிடுவான். மிச்சம் இருந்தால்தான் ஊர் பெருகும். அவனைக் கேட்டேன், "வாய்க்கால் வெட்டினியா?" "ஊர் முழுக்க வெட்டிட்டேன் மாமா. ஒரு கட்டம் பாக்கி இல்ல." டெல்டாக்காரன் வேறு எப்படிச் செய்வான்! ஆனால் அவன் அப்போதும் டெஸ்பாட்டிஸம் என்ற ஆரம்ப ஆட்சிமுறையிலேயே இருந்தான். அந்த ஆட்சியில் ஒரு கட்டத்தில் 3 அல்லது அதற்கு மேல் எது விளைந்தாலும் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். புல்வெளி 2 தரும். வாய்க்கால் வெட்டினால் 3 ஆகும், ஒன்று கழிந்து மறுபடி 2. ஐம்பது சுற்று வேலை மண்ணில் போயிற்று. சமவெளிக் கட்டம் 1 தருவது, அதை வெட்டினால் 2 ஆகும், கழிவு இல்லை. ஆகவே ஆரம்பத்தில் வாய்க்கால் வெட்டினால் சமவெளியில் வெட்டுங்கள், புல்வெளியைத் தொடாதீர்கள். அப்புறம் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ மோனார்க்கி என்ற மன்னராட்சிக்கு மாறுங்கள். முதல் இரண்டு பாகங்களில் அதற்கு செரிமோனியல் பரியல், கோட் ஆஃப் லாஸ் என்ற இரண்டு கண்டுபிடிப்புகளும் தெரிந்திருந்தால் போதும். ஆட்சி மாறிய அன்றே வெட்டிய வாய்க்கால்களெல்லாம் உயிர் பெறும். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்துவிட்டாற்போல என்றேன். அவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

வாய்க்கால் வெட்ட முடியவில்லை என்ற குறையும் வரும். ஆறோ, கடலோ, ஏற்கெனவே பாசனம் ஆன கட்டமோ பக்கத்தில் இருந்தால்தான் வெட்ட முடியும். தலைமடையிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தொடுத்துக்கொண்டு போக வேண்டும், நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. நமக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் இரண்டு பாகங்களில் கடல் தண்ணீரை வைத்தும் பாசனம் செய்யலாம் என்பதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வேதாரண்யத்து உப்பளக்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்றாம் பாகத்தில் திருத்திவிட்டார்கள், அதில் நல்ல தண்ணீர்தான் செல்லும்.

சோறு மிச்சம் இருந்தும் ஊர் நிற்கிறதா? அளவு என்ன என்று பாருங்கள். முதல் பாகத்தில் 10 பேரோடு நிற்கும், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் அக்வடக்ட் கட்டினால்தான் மேலே போகும். இரண்டாம் பாகத்தில் 8-இல் அக்வடக்ட், 12-இல் கழிவுநீருக்கான சூவர் சிஸ்டம். மூன்றாம் பாகத்தில் 6-இல் அக்வடக்ட், 12-இல் ஹாஸ்பிடல். ஆற்றங்கரையில் ஊர் வைத்தால் அக்வடக்ட் வேண்டாம் என்று ஒரு பேச்சு உண்டு. அது மூன்றாம் பாகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற இரண்டிலும் ஆற்றங்கரையிலேயே இருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

இனி வாடிய முகம். கடின நிலை ஒவ்வொன்று கூடும்போதும், தானாக அமைதியாக இருக்கும் குடிமக்களில் ஒருவர் குறைவார். கற்றுக்கொள்ளும் ஆள் எல்லாவற்றிலும் எளிதான சீஃப்டன் நிலையில் ஆடினால் என்ன? ஒரு மானக்கேடும் இல்லை. அதிருப்தி உள்ளவர்கள் சிரிப்பவர்களைவிட அதிகமானால் ஊரில் கலவரம், உற்பத்தி நின்றுபோகும். அவசரத்துக்கு நகரத் திரையில் ஒருவர் உழும் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். அவர் உழவை விட்டுவிட்டுக் கூத்துக்காரர் ஆகிவிடுவார், மற்றவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள். ஆனால் சோறு குறையும். இது வைத்தியம் இல்லை, பற்று மட்டும்.

நிலையான வைத்தியம் இரண்டு. ஒன்று டெம்பிள்: முதல் இரண்டு பாகங்களில் அது ஒருவரைச் சமாதானப்படுத்தும், மிஸ்டிசிஸம் கற்ற பிறகு இருவரை. இன்னொன்று லக்சுரி விகிதத்தை, அதாவது வருமானத்தில் மக்களின் கேளிக்கைக்குப் போகும் பங்கை, ஏற்றுவது. ஊருக்கு வரும் 2 லக்சுரிக்கு ஒருவர் சிரிப்பார். மார்க்கெட்பிளேஸ் இருந்தால் அந்த வரவு 50 சதவீதம் கூடும்.

இதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். லக்சுரி, ஊரின் வணிக வருமானத்திலிருந்து பிரிந்து வருவது. தலைநகரிலிருந்து தள்ளிப் போகப் போக ஊழல் அந்த வருமானத்தைத் தின்றுவிடும். மன்னார்குடியில் நாற்பது சதவீதம் லக்சுரி என்றால் திருவிழா. அதே நாற்பது வேதாரண்யத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு சொட்டு. அணை நிறைய இருந்தாலும் வாலில் இருக்கிற வயல் காய்வது மாதிரி. அதனால் தூரத்து ஊர்களுக்கு விகிதத்தை நம்பாதீர்கள். முதல் வேலையாக டெம்பிள், அடுத்து ஊழலைப் பாதியாக்கும் கோர்ட்ஹவுஸ். கிட்டத்து ஊர்களுக்கு மார்க்கெட்பிளேஸ். அவன் எல்லா ஊரிலும் ஒரே வரிசையில் கட்டிக்கொண்டு வந்திருந்தான், அதுவும் படைவீடு முதலில்.

படை என்றதும் ஞாபகம். ரிபப்ளிக், டெமாக்ரசி என்ற மக்களாட்சி முறைகளில் ஆடிக்கொண்டு படையை வெளியூருக்கு அனுப்பினால் அனுப்பிய ஊரில் முகம் வாடும். டெமாக்ரசியில் ஒரு படைக்கு இரண்டு பேர். சண்டை போடுகிற ஆசை இருந்தால் மோனார்க்கியில் இருந்தே போடுங்கள்.

அமைதியாக ஆடுகிறவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஊரில் குறைந்தது 3 பேர், அதில் பாதிப் பேராவது சிரிக்க வேண்டும், ஒருவர்கூட வாடக்கூடாது. அப்படியானால் அரசனைப் போற்றும் விழா தொடங்கும். முதல் இரண்டு பாகங்களில், ரிபப்ளிக்கிலும் டெமாக்ரசியிலும், உணவு மிச்சம் இருக்கிறவரை விழா நடக்கும் ஊர் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஆள் கூடும். லக்சுரியைச் சில சுற்றுகளுக்கு மேலே தள்ளி (இரண்டாம் பாகத்தில் ரிபப்ளிக்கில் 80 சதவீதம் வரை போகும்), ஊர்கள் உப்பியதும் இறக்கிவிடலாம். அந்தச் சில சுற்றுகளில் கஜானா ஏறாது, ஆராய்ச்சி நிற்கும். முன்கூட்டியே காசு சேர்த்து வையுங்கள். விழா நடந்தாலே அரண்மனைக்கு ஒரு துண்டு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. விழாவால் ஊர் பெருகும், அந்தப் பெருக்கத்தைக் கண்டு மக்கள் பின்னால் மெச்சுவார்கள்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அவன படிக்கச் சொல்லுவன்னு பாத்தா நீயும் சேந்துக்கிட்டியாடா?" அன்று அதோடு முடிந்தது. மீதியை மறுநாள் சொன்னேன்.

அறிகுறி: பேலஸ் கட்டி முடித்தேன், படம் மாறவே இல்லை

மாறாது. கட்டுமானப் பட்டியலில் வரும் பேலஸ் வேறு சங்கதி. அது கட்டடம், அதைக் கட்டினால் தலைநகரமே அந்த ஊருக்கு இடம் மாறும். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த வினை.

இதை அலங்காரம் என்று நினைத்து அவன் வேதாரண்யத்தில் கட்டிவிட்டான். அடுத்த சுற்றில் மன்னார்குடியும் வடுவூரும் தூரத்து ஊர்களாகிவிட்டன, ஊழல் அந்தப் பக்கம் திரும்பியது, அதுவரை சிரித்தவர்கள் வாடினார்கள். கடலோரத் தலைநகருக்கு எதிரிக் கப்பல் வரவும் வசதி. வந்தது.

சரிசெய்ய இரண்டே வழி: பழைய சேமிப்பைத் திறப்பது, அல்லது நடு ஊரில் மறுபடி பேலஸ் கட்டுவது. மூன்றாம் பாகத்தில் இன்னொன்றும் குழப்பும், ஃபர்பிடன் பேலஸ். அது ஊழலைக் குறைக்க இரண்டாவது மையமாக இருக்கும். பயனுள்ளது, ஆனால் அதற்கும் அழகுவேலைக்கும் சம்பந்தமில்லை.

தலைநகர் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், வரைபடத்தில் ஊர்களுக்கு நடுவில். அவ்வளவுதான்.

அறிகுறி: தப்பான பகுதியைக் கிளிக் செய்துவிட்டேன், அல்லது எல்லாம் கதம்பமாக இருக்கிறது

ஒரு தடவைக்கு ஒரு பகுதிதான் தருவார்கள். கை தவறினால் திரும்பப் பெற முடியாது, முந்தைய சேமிப்புக்குப் போவதுதான். கரண்ட் நிலவரம் தெரிந்த நம் ஊரில் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை சேமிக்கும் பழக்கம் எல்லோருக்கும் தானாகவே இருக்கும்.

கதம்பம் என்பதைக் கோளாறாக நான் எடுப்பதில்லை. முதல் பாகத்தில் மூன்று பாணிகள், மூன்றாம் பாகத்தில் இன்னும் பல பண்பாட்டுப் பாணிகள். இடது கோபுரம் ஒரு நாட்டு மாதிரி, நடு வாசல் இன்னொரு நாட்டு மாதிரி என்று ஆகிவிடும். தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். நாயக்கர்கள் கட்டினார்கள், பின்னால் வந்த மராட்டியர்கள் தங்கள் கைக்குச் சேர்த்துக் கட்டினார்கள். தர்பார் மண்டபம் ஒரு வகை, சார்ஜா மாடி ஒரு வகை, நடுவில் சரசுவதி மகால் நூலகம். யாரும் அதைக் கலைத்துவிட்டு ஒரே பாணியில் கட்டச் சொல்லவில்லை.

ஒரே பாணிதான் வேண்டுமென்றால் முதல் துண்டு வரும்போதே எந்தப் பாணி என்று முடிவுசெய்து ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். இருபது மணி நேர ஆட்டத்தில் ஞாபகம் நிற்காது.

அறிகுறி: திரை வரும் நேரத்தில் ஆட்டமே உறைகிறது, அல்லது தொடங்கவே மாட்டேன் என்கிறது

முதல் பாகம் டாஸ் காலத்தது. பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டித்தரும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓட்டுங்கள். இரண்டாம் பாகத்தின் முதல் பதிப்பு 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் அது திறக்காது, எத்தனை தடவை நிறுவினாலும் சரி. பின்னால் வந்த மல்டிபிளேயர் கோல்டு பதிப்பு 32 பிட். அதையும் புது விண்டோஸில் ஓட்ட, ஆர்வலர்கள் செய்த திருத்தக் கோப்பு தேவைப்படும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி எங்காவது பரணில் கிடந்தால் அதுவே நல்ல வழி. எங்களுக்கு அதுதான் உதவியது.

வட்டு விஷயம் ஒன்று. இரண்டாம் பாகத்தில் உலக அதிசயம் கட்டும்போது வரும் படக்காட்சிகளும் ஆலோசகர் சபையும் வட்டிலிருந்துதான் ஓடும். நான் கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கிய நகலில் அவை எதுவும் இல்லை. எவனோ இடம் மிச்சம் பிடித்திருக்கிறான். அது தெரியாமல் ஒரு வருஷம் என் கணினியையே திட்டிக்கொண்டிருந்தேன்.

எதுவும் நடக்கவில்லை என்றால் கிராஃபிக் ஆப்ஷன்ஸில் சிம்மாசன அறையை அணைத்துவிட்டு ஆடுங்கள். முதலிலேயே சொன்னேனே, ஆட்டத்தில் ஒன்றும் குறையாது.

அறிகுறி: எல்லா ஊரும் சிரிக்கிறது, எல்லாம் செழிப்பு, ஆனால் இனி வரவே இல்லை

அறையைத் திறந்து சுவர், தரை, சிம்மாசனம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாமே கடைசிப் படியில் இருந்தால் வேலை முடிந்துவிட்டது, தருவதற்கு மக்களிடம் ஒன்றும் பாக்கியில்லை.

அக்கா மகன் அந்த இடத்துக்குப் போன வாரம் வந்து சேர்ந்தான். திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஓரத்தில் கணினிக்குப் பின்னால் துவைத்த துணிக் கொடியும் தெரிந்தது. "எப்டி மாமா இருக்கு?" என்றான். நன்றாக இருக்கிறது, வேதாரண்யத்தில் இன்னும் இரண்டு பேர் முகம் வாடியிருக்கிறார்கள், அதைக் கவனி என்று பதில் போட்டேன். மோட்டாருக்கு ஃபுட் வால்வுதான் மாற்ற வேண்டியிருந்தது.